தண்ணீர் எங்கே தடைபடுகிறது?





இம்மாதம் உங்கள் சமையலறைக்குள் வந்து பேச விரும்புகிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குத் தண்ணீர் போதுமான அளவு வராவிட்டால் என்ன செய்வது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். போதகருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் புன்னகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன். 2024-ஆம் ஆண்டு கோடையில் நம் சபை விசுவாசி ஒருவரின் வீட்டில் கண்ட காரியம் என் எண்ணத்தை மாற்றிற்று. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, அவர்கள் இன்னார் என்று காட்டாமல், அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜெபிக்க அழைத்த வீடு

அவர்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்த குடும்பத்தார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சகோதரிக்கு வாரத்தில் சில நாட்கள் இரவுப் பணி. ஒயிட்ஃபீல்டு பக்கம் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில், சக்கரம் பொருத்திய டிஷ்வாஷர் ஒன்றை வாங்கினார்கள். சுவரை உடைத்துத் தனிக் குழாய் போட வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, வேண்டும்போது உருட்டிக்கொண்டு வந்து சமையலறைத் தொட்டிக் குழாயின் முனையில் மாட்டவும், வேலை முடிந்ததும் கழற்றி ஓரமாக வைக்கவும் தக்க வகையைத் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஏப்ரலில் இயந்திரம் முரண்டு பிடித்தது. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் நின்றுவிடும். தண்ணீர்க் குழாயின் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். பாத்திரங்கள் சோற்றுப் பருக்கையோடு அப்படியே வெளியே வரும்.

மனைவி பாத்திரங்களை அளவுக்கு மீறி அடுக்குவதே காரணம் என்றார் கணவர். விலை மலிவு என்று பார்த்து வாங்கியதே காரணம் என்றார் மனைவி. ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரோ, இரண்டு கை இருக்கும்போது இயந்திரம் எதற்கு என்று பெருமூச்சு விட்டார். பழுது பார்க்க வந்த ஒருவர் எதையும் கழற்றிப் பாராமலே, உள்ளே வால்வு போய்விட்டது என்று பெரிய தொகையைச் சொன்னார். ஜெபக் குழுவில் ஒருவர், இது சத்துருவின் தடை, கடிந்துகொள்ள வேண்டும் என்றாராம். மூன்று நாட்களாக அந்த வீட்டில் குடும்ப ஜெபம் இல்லை. கடைசியில் எனக்குத் தொலைபேசி வந்தது. “வீட்டில் சமாதானமே இல்லை, பாஸ்டர். வந்து ஜெபித்துவிட்டுப் போங்கள்” என்றார் சகோதரர்.

போனேன். ஜெபித்தோம். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது, சமையலறையில் குவிந்து கிடந்த பாத்திரங்கள் கண்ணில் பட்டன. நான் கிராமத்தில் பம்புசெட்டுக்கு அருகே வளர்ந்தவன். தண்ணீர் குறைந்தால் வாய்க்காலின் மேல்முனையிலிருந்து நடந்து பார்க்க வேண்டும் என்று தகப்பனார் சொல்லிக் கொடுத்திருந்தார். “அந்தக் குழாயை ஒரு தரம் பார்க்கலாமா, பிரதர்?” என்று கேட்டேன்.

தண்ணீர் நடந்து வரும் தூரம்

பிரியமானவர்களே, பெங்களூரில் குழாயைத் திறக்கும் நமக்கு, அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் வருகிறது என்பது நினைவில் நிற்பதில்லை. இந்த நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் அருகில் இல்லாத மேட்டில் இருக்கிறது. முன்னோர் ஏரிகளை நம்பினார்கள். 1896-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1933-இல் அர்க்காவதி ஆற்றின் திப்பகொண்டனஹள்ளி அணையிலிருந்தும் குழாய் வழியே தண்ணீர் வந்தது. காவிரியின் முதல் திட்டம் 1974-இல் நிறைவேறிற்று. மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், மூன்று நிலையங்களில் ராட்சத பம்புகள் தள்ள, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி அந்தத் தண்ணீர் நகரத்துக்கு வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது. நகரத்தோடு இணைந்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்பது அதன் இலக்கு.

நான் சொல்லும் கோடையில் அந்தத் திட்டம் இன்னும் திறக்கப்படவில்லை. 2023-இல் மழை பொய்த்ததால் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினாலும் தோட்டத்துக்குப் பாய்ச்சினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. வணிக நிறுவனங்கள், உணவகங்கள் போன்றவற்றின் குழாய்களில் ஏரேட்டர் பொருத்த வேண்டும் என்றும் அதே மாதத்தில் உத்தரவிட்டது. ஏரேட்டர் என்பது குழாய் முனையில் திருகும் சிறு சல்லடை. தண்ணீரோடு காற்றைக் கலந்து, குறைந்த தண்ணீரே கைக்கு நிறைவாகத் தெரியும்படி செய்யும். நல்ல சாதனம்தான். ஆனாலும் அதுவும் ஒரு சல்லடை. மணலும் சுண்ணாம்பும் அங்கேதான் முதலில் தங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்நாட்களில் எத்தனையோ கட்டடங்கள் டேங்கர் லாரியை நம்பி நின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் லாரியில் வந்து, சம்ப்பில் விழுந்து, மோட்டார் ஏற்றி, மொட்டை மாடித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு இறங்கும். அதோடு மணலும், பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும் சுண்ணாம்பு உப்பும் கூடவே வரும்.

இயந்திரத்துக்குத் தேவை வேகமா, அளவா?

பலருக்கு இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். குழாய்த் தண்ணீரின் வேகம்தான் பாத்திரத்தைக் கழுவுகிறது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. குழாயிலிருந்து வரும் சில லிட்டர் தண்ணீர் இயந்திரத்தின் அடியில் தேங்குகிறது. உள்ளே இருக்கும் பம்பு அதையே எடுத்துச் சுழலும் கைகளின் துளைகள் வழியே பாத்திரங்கள்மேல் அடிக்கிறது. அதே தண்ணீர் வடிகட்டப்பட்டுத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. பின்பு அதை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சிப் பாத்திரம் கழுவும் இந்த முறைக்கு அமெரிக்காவின் ஜோசஃபின் காக்ரன் என்ற விதவைப் பெண்மணி 1886 டிசம்பர் 28-இல் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் வைக்கப்பட்டன.

ஆகவே இயந்திரம் குழாயிடம் எதிர்பார்ப்பது, குறித்த நேரத்துக்குள் குறித்த அளவு தண்ணீர். அது சில நிமிடம் காத்திருக்கும். அதற்குள் நிரம்பாவிட்டால் நின்றுவிடும். இயந்திரம் கெட்டுப்போனது என்று நாம் நினைக்கிறோம். அதுவோ காத்திருந்து களைத்துப்போனது.

அழுத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல இயந்திரங்களின் கையேட்டில் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்று எழுதியிருக்கும். நான்கு மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டாருக்கு ஒரு பாருக்கு மேல் கிடைக்கலாம். மேல்தளத்தில் இருப்பவருக்கோ, தொட்டி தலைக்குமேல் மூன்று மீட்டரில் இருந்தால் 0.3 பார்தான். வாடகை குறைவு என்று மேல்தளத்தைப் பிடிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இயந்திரம் வாங்குமுன் கையேட்டில் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வாளியும் ஒரு கடிகாரமும்

இனி சோதிக்கும் முறைக்கு வருவோம். பத்து லிட்டர் வாளியும், நொடி காட்டும் கடிகாரமும் போதும்.

முதலாவது, வீட்டின் மற்றக் குழாய்களைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் குறைவாக வந்தால் குறை உங்கள் சமையலறையில் இல்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கலாம்; மாடியில் உங்கள் வீட்டுக்குரிய வால்வை யாரோ பாதி மூடியிருக்கலாம். வீட்டுக்காரரிடம் பணிவாய்க் கேளுங்கள்.

இரண்டாவது, இயந்திரத்தைக் கழற்றிவிட்டுச் சமையலறைக் குழாயை முழுவதும் திறந்து, வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள ஆங்கிள் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி திறந்த வால்வே பல வீடுகளில் குற்றவாளி.

மூன்றாவது, குழாய் முனையில் இணைப்பை மாட்டி, ஹோஸின் இயந்திரப் பக்க முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டு, மறுபடியும் நேரம் பாருங்கள். இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால் இணைப்பும் ஹோஸும் நல்லவை. தடை இயந்திரத்தின் வாயிலில் இருக்கிறது. நேரம் மிகவும் கூடினால் தடை இணைப்பிலோ ஹோஸிலோ இருக்கிறது. இவ்வளவுதான் இரகசியம். மேல்முனையிலிருந்து ஒவ்வொரு படியாய் அளந்து வந்தால், எந்த இடத்தில் குறைகிறதோ அந்த இடத்தில்தான் தடை.

அந்த வீட்டில் வெறும் குழாயில் வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆயிற்று. ஹோஸ் முனையில் ஐந்து நிமிடத்துக்கும் மேலாயிற்று. அதற்குமேல் இயந்திரத்தைக் குறைசொல்ல யாராலும் முடியவில்லை.

தடையை நீக்கும் விதம்

கை வைக்குமுன் மின்சாரப் பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். குழாய் முனையில் மாட்டும் இணைப்பில் அழுத்தம் தங்கியிருக்கும். அதில் சிறு பொத்தான் இருந்தால் அதை அழுத்தித் தண்ணீரை விடுவித்த பிறகே கழற்றுங்கள். இல்லாவிட்டால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

இணைப்பு மாட்டும் குழாய் முனையில் பழைய ஏரேட்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் இணைப்பின் திருகு பொருந்த வேண்டும். உள்ளே ரப்பர் வாஷர் நசுங்கி வழியை மறைக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு முழுவதும் உள்ளே போய்க் ‘கிளிக்’ என்று பூட்ட வேண்டும். பாதி பூட்டினால் உள்வால்வு பாதிதான் திறக்கும்.

அடுத்து ஹோஸ். உருட்டும் இயந்திரத்தின் சக்கரம் அதன்மேல் ஏறி நிற்கலாம்; சுவரோடு ஒட்டி மடிந்திருக்கலாம். மடிந்த தடத்தில் நிரந்தரமாய்ச் சுருங்கியிருந்தால் புதியது வாங்குவதே நலம்.

பின்பு சல்லடைகள். இணைப்பில் ஒன்றும், இயந்திரத்தில் ஹோஸ் சேரும் இடத்தில் ஒன்றுமாக, விரல் நகம் அளவு சிறு வலைகள் இருக்கும். மூக்குக் குறடால் மெல்ல இழுத்தால் வெளியே வரும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, பின்புறத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் வினிகரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், வலை கிழியும். வலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டவும் வேண்டாம். அதில் தங்கவேண்டிய மணல் உள்ளே போய் வால்வைக் கெடுக்கும்; வால்வு சரியாய் மூடாமல் தரையெல்லாம் தண்ணீராகும்.

தண்ணீர் நன்றாய் வந்தும் இயந்திரம் நிரம்பவில்லையானால் இரண்டு காரியங்களைப் பாருங்கள். கழிவுநீருக்குத் தனிக் குழாய் உள்ள வகையில், அதன் முனை தரையில் தாழக் கிடந்தால், உள்ளே வரும் தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போய்க்கொண்டேயிருக்கும். கையேட்டில் சொன்ன உயரத்துக்கு அதை உயர்த்திக் கட்டுங்கள். மற்றொன்று, இயந்திரத்துக்குள் அடியில் இருக்கும் மிதவை. அது மேலே சிக்கிக்கொண்டால், தண்ணீர் நிறைந்துவிட்டது என்று இயந்திரம் தவறாய் எண்ணி வழியை அடைத்துவிடும். விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரியாகாவிட்டால் மட்டுமே உள்வால்வைச் சந்தேகியுங்கள். அது பயிற்சி பெற்றவரின் வேலை. மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடத்தில் நாம் கை வைக்கலாகாது.

உண்மையிலேயே அழுத்தம் போதாத மேல்தளமானால், மாடித் தொட்டிக்குப் பிறகு ஒரு சிறு அழுத்த பம்பு வைக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கலாம். தெருக் குழாயில் நேரடியாய் மோட்டார் வைத்து உறிஞ்சுவதை மட்டும் செய்யாதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம். அயலாரின் பங்கை எடுத்துக்கொள்வதுமாகும். குடத்தால் தண்ணீர் ஊற்றும் சிறு தொட்டி கொண்ட மேசை இயந்திரங்களும் கிடைக்கின்றன. குழாய் அழுத்தமே இல்லாத வீட்டுக்கு அவை உதவும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எரிகோ ஊராரின் கெட்ட தண்ணீரை எலிசா தீர்க்கதரிசி உப்புப் போட்டு ஆரோக்கியமாக்கினதை 2 இராஜாக்கள் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது கர்த்தர் செய்த அற்புதம். டிஷ்வாஷரில் போடும் உப்பின் வேலை வேறு. உள்ளே சுண்ணாம்பைப் பிடித்துவைக்கும் ஒருவகைப் பிசின் மணிகள் உண்டு. அவை பிடித்த சுண்ணாம்பை விட்டுவிட்டு மீண்டும் பயன்பட உப்புநீர் வேண்டும். ஆகவே உப்பு அறை உள்ள இயந்திரங்களில் அதற்கென்று விற்கும் பெரிய மணி உப்பையே போடுங்கள். சமையல் தூள் உப்பு கட்டிபிடித்து வழியை அடைக்கும்.

சல்லடையைத் தேய்த்தபோது

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். இணைப்பின் வலையை இழுத்தேன். கண்ணே தெரியாதபடி நைந்த மணலும் சுண்ணாம்பும் அடைத்திருந்தது. என் சுண்டுவிரல் நகத்தின்மேல் அடங்கும் அளவுதான். அதற்காக அந்த வீட்டார் ஒருவரோடொருவர் பேசாமல் மூன்று நாள் இருந்திருக்கிறார்கள்.

நான் பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருக்கையில் சகோதரி, சாதாரணமாய்ச் சொல்வதுபோல் ஒன்று சொன்னார். “இது நின்றுபோனதும் பழைய அக்காவைத் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினேன், பாஸ்டர். அவர்கள் வரவில்லை.”

பழைய அக்கா யார் என்று கேட்டேன். சொன்னார். என் கை நின்றுவிட்டது. அவர் நம் சபைக்கு வருகிறவர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, நான்கைந்து வீடுகளில் பாத்திரம் கழுவி இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விதவை. அந்த வீட்டில் மூன்று வருடம் வேலை செய்திருக்கிறார். இயந்திரம் வந்திறங்கிய சாயங்காலம், நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“கணக்கு முடித்தீர்களா?” என்று கேட்டேன்.

சகோதரர் தலைகுனிந்தார். “பன்னிரண்டு நாள் சம்பளம் பாக்கி, பாஸ்டர். மாதக் கடைசியில் கொடுக்கலாம் என்று இருந்தோம். பிறகு மறந்தேபோனது.”

பிப்ரவரியில் வேலை நின்றது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஏப்ரல் மாதக் கடைசி. இடையில் ஒன்பது அல்லது பத்து ஞாயிற்றுக்கிழமைகள். அவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து கைகளை உயர்த்தி ஆராதித்தார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெற்றார்கள்.

பிரியமானவர்களே, அவர்களை மட்டும் குற்றப்படுத்தி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தத் தாயார் மார்ச் மாதம் முழுவதும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் இருந்த இடம் காலியாயிருந்ததை நான் பிரசங்க மேடையிலிருந்து பார்த்தேன். ஆவிக்குரிய சோர்வு என்று எண்ணிக்கொண்டேன். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஆசீர்வாதம் ஏன் தடைபடுகிறது என்று அந்த மாதத்தில் இரண்டு முறை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்.

இயந்திரம் வாங்கியது பாவமா? இல்லை. இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்து, விடியற்காலையில் பாத்திரக் குவியலுக்கு முன் நிற்கும் சகோதரியின் இளைப்பை அறியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். பெத்தானியா வீட்டில் பலவிதமான வேலையால் கலங்கிப்போன மார்த்தாளைக் கர்த்தர் அன்போடு பெயர் சொல்லித்தான் அழைத்தார். தம் சீஷர்களின் கால்களைக் கழுவ அவரே பாத்திரத்தில் தண்ணீர் எடுத்தார். கழுவும் வேலை எந்த வேலைக்கும் தாழ்ந்ததல்ல. அதன் பாரத்தைக் குறைத்துக்கொள்வதும் தவறல்ல. ஆனால் நம் பாரம் குறையும்போது, அந்தப் பாரத்தைச் சுமந்து பிழைத்தவரின் அப்பம் என்னாகிறது என்று கேட்கவேண்டியவர்கள் நாம். கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடும்படி உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். நாமோ மாதக் கடைசி என்கிறோம், மறந்துபோனது என்கிறோம்.

தூர்த்த கிணறுகள்

ஈசாக்கின் சரித்திரம் ஆதியாகமம் 26-இல் உள்ளது. அவனுடைய தகப்பனின் நாட்களில் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துப்போட்டிருந்தார்கள். ஊற்று வற்றிப்போகவில்லை, மேலே மண் கிடந்தது. ஈசாக்கு அந்த மண்ணை அள்ளி எறிந்து, தகப்பன் இட்ட பெயர்களையே அவைகளுக்கு மறுபடியும் இட்டான். ஏசேக்கு, சித்னா என்று வாக்குவாதங்கள் வந்தபோதும் சண்டைக்கு நிற்காமல் நகர்ந்து தோண்டிக்கொண்டே போனான். முடிவில் ரெகொபோத்தில் கர்த்தர் அவனுக்கு இடமுண்டாக்கினார்.

அந்தக் கிணறுகளைத் தூர்த்தவர்கள் பகைவர்கள் என்பது மெய். ஆனால் நம் குழாயை அடைப்பது பெரும்பாலும் பகைவன் அல்ல. நாளுக்கு ஒரு துளியாய் நாமே கவனியாமல் விட்ட மணல். நூறு கிலோமீட்டர் மேடேறி வந்த தண்ணீர், கடைசி ஒரு முழத்தில் நின்றுவிடுகிறது. காவிரியைக் குறைசொல்லி என்ன பயன்? வாரியத்தைக் குறைசொல்லி என்ன பயன்? அப்படியே, நம் வீட்டில் சமாதானம் குறைகிறபோது ஊற்று வற்றிவிட்டது என்று அழுகிறோம். கர்த்தர் கிருபையைக் குறைக்கவில்லை. நம் கைக்கு எட்டும் தூரத்தில், பன்னிரண்டு நாள் சம்பளம் போன்ற ஏதோ ஒரு சிறு காரியம் வலையில் தங்கியிருக்கிறது. சத்துருவைக் கடிந்துகொள்ள வேண்டிய வேளை உண்டு. சல்லடையைக் கழற்றிப் பார்க்கவேண்டிய வேளையும் உண்டு. இரண்டாவதைச் செய்ய மனமில்லாமல் முதலாவதைச் சத்தமாய்ச் செய்வது விசுவாசம் ஆகாது.

அன்றிரவு வலையைப் பொருத்தி இயந்திரத்தை ஓட்டினோம். தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தம் கேட்டதும் மாமியார்தான் முதலில் சிரித்தார். மறுநாள் காலையில் சகோதரரும் சகோதரியும் அந்தத் தாயார் குடியிருக்கும் சந்துக்குப் போனார்கள். பாக்கியைக் கொடுத்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியதற்காக ஒரு மாதச் சம்பளமும் சேர்த்துக் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். அவர் பணத்தை எண்ணிப் பாராமல் வாங்கிக்கொண்டு, “காபி குடித்துவிட்டுப் போங்கள்” என்றாராம். வேலைக்குத் திரும்பவில்லை. அதற்குள் வேறு இரண்டு வீடுகள் கிடைத்திருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்தார். நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீங்கள் இந்த வாரம் செய்யவேண்டியது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, டேங்கர் தண்ணீர் வாங்கும் நாட்களில் மாதம் ஒரு முறை, குழாய்ச் சல்லடைகளைக் கழற்றிக் கழுவுங்கள். மாடித் தொட்டியைச் சுத்தம் செய்த மறுநாளும் தவறாமல் பாருங்கள்; கலங்கிய வண்டல் அன்றுதான் இறங்கும். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாளிக் கணக்கைக் கற்றுக்கொடுங்கள். தண்ணீரின் அருமை அவர்களுக்குப் புரியும்.

அதே நாளில் குடும்பமாய் உட்கார்ந்து இன்னொரு கணக்கையும் பாருங்கள். வீட்டில் வேலை செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், துணி தேய்க்கிறவர், பால் போடுகிறவர், இவர்களில் யாருக்கேனும் நாம் கொடுக்கவேண்டியது நின்றிருக்கிறதா? யாரிடமாவது பேச்சு நின்றிருக்கிறதா? எங்கே குறைகிறது என்று மேல்முனையிலிருந்து நடந்து பாருங்கள். இடம் தெரிந்துவிட்டால் நீக்குவது அநேகமாய் ஐந்து நிமிட வேலைதான்.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, அந்நிய நகரத்தில் எங்களுக்கு வீடும் வேலையும் தண்ணீரும் தந்த உம்மைத் துதிக்கிறோம். எங்கள் வீடுகளில் எது தடைபட்டிருக்கிறது என்று எங்களுக்குக் காட்டும். பிறரைக் குறைசொல்லுமுன் எங்கள் கைக்கு எட்டுவதைச் சரிசெய்யும் மனதைத் தாரும். எங்கள் பாத்திரங்களைக் கழுவின கைகளை நீர் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.